கவுகாத்தி: இரண்டு மணி நாற்பத்தைந்து நிமிடம்

எங்கள் டைம் ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் தயாரித்தது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நான்கு மூலையிலும் டேப் போட்டிருந்தேன். தலைப்பு, 'சென்னையிலிருந்து விமான தூரமும் பயண நேரமும்'. கீழே மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் ஊர், அடுத்ததில் கிலோமீட்டர், கடைசியில் நேரம். பாட்னா, ராஞ்சி, புவனேஸ்வர், கொல்கத்தா, கவுகாத்தி. ஐந்தே வரி. அந்த ஐந்து வரிக்கு எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. அதிலும் பாதி நேரம் கோடு நேராக விழவில்லை என்று கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியதில் போனது.

என்னை ஏதோ விமான நிலையத்தில் வேலை பார்த்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் விமானத்தில் ஏறியதே இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி செய்யும் ஒரு மில்லில் பதினாறு வருடமாக டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், யாருக்கு எத்தனை நாள் லீவு, இதுதான் என் தொழில். என் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். எங்கள் குடும்பத்தில் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இன்றைக்குத் திமிர் என்கிறேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் பொறுப்பு என்று சொல்லியிருப்பேன்.

எங்கள் மில்லில் முக்கால்வாசிப் பேர் வடக்கேயிருந்து வந்தவர்கள். உலைக்கு முன்னால் நிற்கிற வேலைக்கு உள்ளூர்க்காரர்கள் இப்போது வருவதில்லை. மில்லுக்குப் பின்னாலேயே அவர்களுக்குத் தகர ஷெட். ஊருக்குப் போக லீவு கேட்டால், லீவு நாட்களோடு போவதற்கு மூன்று நாள், வருவதற்கு மூன்று நாள் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். எங்கேயும் எழுதி வைத்த விதி இல்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இருந்த பழக்கம்.

ரயிலில் போவதுதான் அவர்கள் வழி. அதிலும் ஒரு கூத்து உண்டு. வடக்கே போகிற ரயில் எல்லாம் கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. அதனால் வடக்கே போக வேண்டியவர் முதலில் தெற்கே சென்ட்ரலுக்குப் போய், அங்கே ரயிலேறி, மறுபடியும் எங்கள் மில்லைத் தாண்டித்தான் ஊருக்குப் போக வேண்டும். மில்லின் காம்பவுண்டு சுவர் தண்டவாளத்தை ஒட்டியது. ஊருக்குப் போகிறவரின் ரயில் எத்தனை மணிக்குத் தாண்டும் என்று ஷெட்டில் இருப்பவர்கள் கணக்கு வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குச் சுவரோரம் போய் நிற்பார்கள். ரயில் கதவில் தொங்கியபடி அவர் கை காட்டுவார், இவர்கள் கை காட்டுவார்கள். ஒரு நிமிடம்கூட இருக்காது. அதற்காக மெஷினை விட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்று நான் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

ஒரு நாள் மேனேஜர் லீவு ஃபைலை என் மேஜையில் போட்டார்.

"இன்னாமா இது, லீவு பத்து நாளு, அதுல ஆறு நாளு ட்ராவலா? ட்ரெயின்ல தூங்கிகினு போறதுக்கா நாம லீவு குடுக்கறோம்? இப்ப ஃப்ளைட்டு எல்லா ஊருக்கும் போவுது. எந்த ஊருக்கு எத்தினி மணி நேரம்னு ஒரு லிஸ்ட் எடு. இனிமே போறதுக்கு ஒரு நாளு, வர்றதுக்கு ஒரு நாளு. கேட்டா லிஸ்ட்ட காட்டு."

டிக்கெட் யார் எடுப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்தேன். போனை எடுத்து ஊர் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். சென்னைக்கும் கவுகாத்திக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர், நேரம் இரண்டு மணி நாற்பத்தைந்து நிமிடம் என்று வந்தது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. நான் மீஞ்சூரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருகிறவள். எக்ஸ்பிரஸ் வருகிறதென்று எங்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டால், அரை மணி நேரத்தில் வர வேண்டிய இடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். இரண்டாயிரம் கிலோமீட்டரை ஒருவர் ஒரு சினிமா பார்க்கிற நேரத்தில் கடந்துவிடுகிறார் என்பது எனக்கே சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் சில விஷயங்களை விட்டுவிட்டேன். தெரியாமல் விட்டதாகச் சொல்ல முடியாது. வெளிநாடு போன சொந்தக்காரர் ஒருவரை வழியனுப்ப மீஞ்சூரிலிருந்து மீனம்பாக்கம் போயிருக்கிறேன். வெயிலில் வேனுக்குள் மூன்று மணி நேரம் வெந்தோம். விமானம் பறக்கிற நேரத்தைவிட விமான நிலையத்துக்குப் போகிற நேரம் அதிகம் என்று எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை நான் எந்தக் கட்டத்திலும் போடவில்லை.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் மில்லில் அசாம்காரர்கள் பதினொரு பேர். யாரிடமும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அசாம் என்றால் கவுகாத்தி என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். நாகர்கோவில்காரரைச் சென்னையில் இறக்கிவிட்டு, 'வீடு வந்துடுச்சு, போ' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த லட்சணம்தான் என் லிஸ்ட்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். எட்டு வருடமாக எங்கள் மில்லில் இருந்தார். சிவக்கச் சிவக்க வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் தள்ளுகிற வேலை. தமிழை மில்லிலேயே கற்றுக்கொண்டவர் என்பதால் அவர் பேசுவது அப்படியே எங்கள் ஊர்த் தமிழாக இருக்கும். காலையில் ஜன்னலைத் தாண்டும்போது, "இன்னா மேடம், நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கைரேகை மெஷினில் விரல் வைப்பார். சூட்டில் விரல் நுனியெல்லாம் தேய்ந்துபோயிருப்பதால் அவர் விரலை மெஷின் சுலபத்தில் ஏற்காது. இரண்டு மூன்று முறை வைத்த பிறகு 'தேங்க்யூ' என்று அது சொல்லும். அவரும் மெஷினுக்குத் தேங்க்யூ சொல்லுவார்.

அவரை நான் நீ, வா, போ என்றுதான் பேசினேன். வடக்கேயிருந்து வந்தவர்களிடம் ஆபீசில் எல்லாரும் அப்படித்தான். எழுதும்போது மட்டும் அவர் என்று வருகிறது.

லிஸ்ட் ஒட்டி இரண்டு மாதம் இருக்கும். ஆடி மாதம். ஒரு மத்தியானம் வியர்வை வழிய ஜன்னலில் வந்து நின்றார்.

"மேடம், எங்கம்மாவுக்கு முடியல. தம்பி போன் பண்ணான். மூச்சு வாங்குதாம். லீவு ஓணும்."

"எத்தினி நாளு?"

"பத்து நாளு குடுங்க மேடம்."

நான் பேனாவால் சுவரைக் காட்டினேன். "லீவு நாலு நாளு. ட்ராவல் ரெண்டு நாளு. மொத்தம் ஆறு. அவ்ளோதான் இப்ப."

அவர் ஜன்னல் கம்பிக்கு வெளியே இருந்து எட்டி அந்தத் தாளைப் பார்த்தார். "ட்ரெயினு மூணு ராத்திரி மேடம். அதுக்கப்பறம் பஸ்ஸு."

"ட்ரெயின்ல ஏன் போற? அம்மாவுக்கு முடியலன்ற, சீக்கிரம் போய்ச் சேர வேணாமா? ஃப்ளைட்ல போ. ரெண்டேமுக்கா மணி நேரம்."

இதை நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். என் அம்மா போனது அதற்கு முந்தின வருடம். பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் இதே நாற்காலியில்தான் இருந்தேன். இதே மேனேஜர்தான் தன் காரைக் கொடுத்து அனுப்பினார். புதுவாயல் ஜங்ஷனில் லாரிகளுக்கு நடுவே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். நாற்பது நிமிடத்தில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா கடைசியாகக் குடித்த இரண்டு வாய் தண்ணீர் என் கையால் கொடுத்தது. போய்ச் சேர்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவரை விமானத்தில் போ என்று விரட்டினேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே தவிப்பு அவருக்கு. அதற்கு நான் உதவுகிறேன் என்று எனக்கு நினைப்பு.

ஷெட்டில் எல்லாரும் கூடிப் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு டிக்கெட்டுக்கு வழி செய்துவிட்டார்கள். அவர்கள் யாருக்கும் போனில் டிக்கெட் போடத் தெரியவில்லை. நானே என் போனில் போட்டேன். சென்னை, கவுகாத்தி, மறுநாள் மத்தியானம் பன்னிரண்டே காலுக்குக் கிளம்பி மூன்று மணிக்கு இறங்குகிற விமானம்.

பெயர், வயது எல்லாம் அடித்துக்கொண்டிருக்கும்போது அவர் மெல்லச் சொன்னார். "கவுகாத்திலேர்ந்து எங்க ஊரு தூரம் மேடம்."

"அசாம்தான? அசாமுக்குள்ள எறங்கிட்டா அப்பறம் இன்னா? பஸ்ஸு கிஸ்ஸு இருக்கும் இல்ல?"

"இருக்குது மேடம். ஆனா..."

உள்ளே மேனேஜர் அறையில் மணி அடித்தது. நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை. சுவரில் ஆபீஸ் ஒட்டிய தாள் கவுகாத்தி என்று சொல்லும்போது அவர் என்னத்தைச் சொல்வார்?

மறுநாள் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார். நீலச் சட்டை, ஒரே ஒரு தோள் பை. நான் வரும்போது ஸ்டேஷன் படிக்கட்டில் எதிரே வந்தார். பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள், பையில் கத்தி கித்தி இருந்தால் எடுத்துவிடு என்றெல்லாம் நான் கேள்விப்பட்டதைச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு யாரும் சுவரோரம் போய் நிற்கவில்லை. விமானத்துக்கு எந்தப் பக்கம் பார்த்துக் கை காட்டுவது?

மத்தியானம் ஒரு மணி வாக்கில் டைம் ஆபீஸ் போன் அடித்தது. எங்கள் அடையாள அட்டைக்குப் பின்னால் அந்த நம்பர் இருக்கும், எல்லாரும் வீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பேசியது அவர் தம்பி. அண்ணனின் போன் கிடைக்கவில்லை என்று ஹிந்தியில் சொன்னார். வடக்கத்தி ஆட்களோடு பதினாறு வருடம் பேசிப் பேசி எனக்கும் தட்டுத் தடுமாறி ஹிந்தி வரும். அண்ணன் விமானத்தில் இருக்கிறார், மூன்று மணிக்கு இறங்கிவிடுவார் என்றேன். தம்பிக்கு நம்ப முடியவில்லை போலிருக்கிறது. அப்படியானால் வீட்டுக்கு எப்போது வருவார் என்று கேட்டார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி என் லிஸ்ட்டைப் பார்த்தேன்.

"ஷாம்" என்றேன். சாயங்காலம்.

"ஷாம் தக் கர்?" சாயங்காலத்துக்குள் வீட்டுக்கே வந்துவிடுவாரா என்று தம்பி இரண்டாவது முறை கேட்டார்.

"ஹாங், ஹாங்" என்றேன். ஆமாம், ஆமாம்.

அவர் அடுக்கடுக்காக நன்றி சொன்னார். பின்னால் யாரிடமோ சத்தமாக ஏதோ சொல்வதும் கேட்டது. அம்மாவிடம் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்தேன். 

ஆறு நாள் கழிந்தது. ஏழாம் நாள் காலை ரிப்போர்ட்டில் அவர் பெயர் சிவப்பில் வந்தது. போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஷெட்டில் மற்ற அசாம்காரர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. எட்டாம் நாள் மேனேஜர் கேட்டார்.

"வந்தானா?"

"இல்ல சார். அவங்கம்மாவுக்கு..."

"போனவன் வர மாட்டாம்மா. வேற மில்லுக்குத் தாவியிருப்பான். எத்தினி பேர பாத்துக்கினு இருக்கோம். வெரல எடுத்துடு. ஷெட்டுல அவன் பெட்ட புது ஆளுக்குக் குடுத்துடு."

விரலை எடுப்பதென்றால் மெஷினிலிருந்து ஒருவரின் கைரேகையை அழிப்பது. பெயரைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால், நிச்சயமாக அழிக்கவா என்று மெஷின் ஒரு முறை கேட்கும். மெஷின் கேட்டது. மேனேஜர் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. லீவை நீட்டி ஒரு கையெழுத்து, இன்னொரு போன், இன்னும் நாலு நாள் பார்க்கலாம் சார் என்று ஒரு வார்த்தை, எதுவும் நான் செய்யவில்லை. சொன்னால் கேட்கிற மனிதர்தான் மேனேஜர். எனக்கு என் அம்மாவிடம் போக அவர் கார் கொடுக்கவில்லையா? ஆனால் எட்டு வருட சர்வீசை ஒரே அழுத்தில் அழித்துவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தேன்.

பதினாறாம் நாள் காலை ஷிஃப்ட் மாறுகிற நேரம். வெளியே மெஷின், 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. யாரோ விரலை வைப்பதும் அது மறுப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது. எரிச்சலோடு எட்டிப் பார்த்தேன். மொட்டைத் தலையோடு ஒருவர். நீலச் சட்டையைப் பார்த்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. விரலைப் பேண்டில் துடைத்துவிட்டு வைத்தார். பிறகு நாக்கால் ஈரப்படுத்தி வைத்தார். பிறகு அடுத்த விரலை வைத்தார். தேய்ந்துபோன விரல் என்பதால்தான் மெஷின் ஏற்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிடுவார் போலிருந்தது.

அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. "இங்க வா" என்று கூப்பிட்டேன். மொட்டையைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தும், "அம்மாவ பாத்தியா?" என்றுதான் என் வாயில் வந்தது.

"பாத்தேன் மேடம். உசுரோட இல்ல."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அழவில்லை. ஷிஃப்டில் நடந்ததைச் சொல்வது போல வரிசையாகச் சொன்னார்.

அவர் ஊர் பெரிய ஆற்றுக்கு நடுவே இருக்கிற திட்டில். ஆற்றுக்கு இந்தப் பக்கம் திப்ருகர் என்ற டவுன். பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான். ஊருக்கும் டவுனுக்கும் நடுவே ஒரு நாளைக்கு இரண்டு முறை 'போட்டு', அதாவது ஆளேற்றும் படகு, போகும். அவர் விமானம் ஏறிய அன்று, மத்தியானப் போட்டில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தம்பி எல்லாம் தயார் செய்திருந்தார். கட்டிலோடு தூக்கிக் கரைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி.

"அப்பறம் அம்மா சொல்லிச்சாம் மேடம். பெரியவன் சாயங்காலம் வரானாமே, அவன் வரட்டும், மூஞ்ச பாத்துட்டு போலாம்னு. தம்பியும் சரி, ரெண்டு பேரா தூக்கிகினு போலாம்னு இருந்துட்டான். அம்மா தலைய வாரச் சொல்லி, வேற துணி கட்டிகினு ஒக்காந்துகினு இருந்துச்சாம். மூணு மணிலேர்ந்து கேட்டுகினே இருந்துச்சாம், பிளேனு எறங்கிச்சா, எறங்கிச்சான்னு."

அவர் கவுகாத்தியில் இறங்கி, வெளியே வந்து, மூன்றரை மணிக்குத் தம்பிக்குப் போன் போட்டிருக்கிறார். இனிமேல்தான் பஸ் பிடிக்க வேண்டும், ராத்திரி முழுக்க பஸ், நாளை மத்தியானம் ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் கடைசிப் போட்டு போய்விட்டது. ஆற்றில் வெள்ளம், தனியாகப் படகு எடுக்க யாரும் வரவில்லை. விடிவதற்கு முன்னால் அம்மா போய்விட்டார். அவர் அப்போது பஸ்ஸில் இருந்தார். அதற்குப் பிறகு வெள்ளம் ஏறிப் போன் டவரும் விழுந்துவிட்டது. காரியம் முடிந்து, ஆறு இறங்கி, போட்டு ஓட ஆரம்பித்ததும் கிளம்பி வந்திருக்கிறார். ரயிலில்தான்.

"திப்ருகர்லயே ஏர்போர்ட் இருக்குது மேடம்" என்றார். "எனக்கே தெரியாது. அங்க போன அப்பறம்தான் சொன்னாங்க. கொல்கத்தால மாறி வந்தா அன்னிக்கி மத்தியானமே டவுன்ல எறங்கிருக்கலாமாம். எதுத்தாப்ல திட்டுதான் எங்க ஊரு."

  சாயங்காலம் என்று தம்பியிடம் சொன்னது யாரென்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. பிறகு சொன்னேன்.

"தம்பி போன் பண்ணப்போ, நீ சாயங்காலம் வந்துடுவன்னு நான்தான் சொன்னேன்."

"தெரியும் மேடம்" என்றார். "ஆபீஸ்ல ஒரு மேடம் சொன்னாங்கன்னு தம்பி சொன்னான்."

எங்கள் மில்லில் மேடம் என்றால் நான் ஒருத்திதான்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். வயதானவர், எப்படியும் போயிருப்பார் என்று பிறகு எத்தனையோ பேர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். மேனேஜர்கூட, "அதுக்கு நீ இன்னாமா பண்ணுவ" என்றார். இருக்கலாம். ஆனால் கரைக்குக் கிளம்பவிருந்த கட்டிலை நிறுத்தியது என் ஒரு சொல். அந்த அம்மாவின் சாவில் எனக்குப் பங்கு இருக்கிறது. அதை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டினாலும் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முட்டி போட்டால், என் அம்மாவின் முகத்துக்கு முன்னால் நான் பார்த்தே இராத அந்த முகம் வந்து நிற்கிறது.

அன்றைக்கு அவருக்குச் செய்ய என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மேனேஜரிடம் போய் நின்று, இவரைச் சேர்க்காவிட்டால் நானும் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். பதினாறு வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சேர்த்துக்கொள் என்றார். ஆனால் அழித்தது அழித்ததுதான், பழைய சர்வீஸ் திரும்பாது, புது ஆளாகத்தான் பதிய வேண்டும் என்றும் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே காத்திருந்தவரின் விரலைப் பிடித்து மெஷினில் நானே வைத்தேன். மூன்று முறை வைக்க வேண்டும். விரல் நுனி தேய்ந்து வழவழவென்று இருந்தது. மூன்றாம் முறை மெஷின் 'தேங்க்யூ' என்றது. அவர் பதில் சொல்லவில்லை.

ஷிஃப்டுக்குப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. மறுபடி ஜன்னலுக்கு வந்து சுவரைப் பார்த்தார்.

"மேடம், அந்தப் பேப்பர்ல எங்க ஊர தனியா எழுதுங்க. எங்க பக்கத்து ஆளுங்க இன்னும் நாலு பேரு இருக்காங்க."

நான் தாளைக் கிழித்து எடுத்தேன். டேப்போடு சுண்ணாம்பும் உரிந்து வந்தது. கம்ப்யூட்டரில் லிஸ்ட்டைத் திறந்து, கவுகாத்திக்குக் கீழே புது வரி போட்டேன். ஊர் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி அடித்தேன். எட்டு வருடத்தில் அவர் ஊர் பெயரை அன்றைக்குத்தான் கேட்கிறேன். கிலோமீட்டர் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டேன். கடைசிக் கட்டம் வந்தது.

"நேரம் எத்தினி போடட்டும்? நீங்க சொல்லுங்க" என்றேன். அவரை நீங்கள் என்று சொன்னது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

அவர் சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தைப் பார்த்தார்.

"நீங்க இன்னா எழுதுறீங்களோ, அத்ததான் மேடம் எங்க ஊட்ல நம்புவாங்க. ஜாஸ்தியாவே எழுதுங்க."

பழைய வழக்கம் போல மூன்று நாள் என்று அடித்தேன். பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டும் வரை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, அவர் ஷிஃப்டுக்குப் போனார்.